மறதி நோயும் அமைதி மாத்திரையும்



கோலசிலாங்கூரில் கடை நடத்திய என் அத்தா, மறதி நோய் கண்டபின் நடுநிசியில் எழுந்து, "கடை திறக்க நேரமாச்சு, சாவி எங்கே?" என்று கூச்சலிடுவார். தடுத்தால் கை ஓங்குவார். தூங்கட்டுமென்று, சளிக்குச் சாப்பிடும் மயக்க மாத்திரையை நானே கொடுத்தேன். மறுநாள் கலக்கம் அதிகமாயிற்று, சிறுநீரும் அடைத்துக்கொண்டது. குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள் முதியோருக்கு இவ்விரண்டையும் செய்யும் என்பதைப் பிறகுதான் டாக்டர் சொல்லி அறிந்தேன்.

ஆகவே முதலில் காரணத்தைத் தேடுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, தாகம் இவற்றை வாயால் சொல்ல இயலாதவர் கோபத்தால் சொல்லுவார். ஓரிரு நாளில் திடீரென்று கலக்கம் மிகுந்தால், தோட்டப்புறத்தில் இருப்போரும் தாமதியாமல் தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்கோ, அருகிலுள்ள கிளினிக்குக்கோ கொண்டு செல்லுங்கள். வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்படியும் அடங்காமல், அவருக்கோ பிறருக்கோ ஆபத்து நேருமானால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்தை டாக்டர் சிறு அளவில் தரக்கூடும். பலன் சொற்பமே. இவ்வகை மருந்துகள் மறதி நோயுள்ள முதியோருக்கு மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2005-ம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா எச்சரித்தது. பக்கவாதமும் வரலாம். எனவே, "எத்தனை வாரம்? எப்பொழுது குறைப்பது?" என்று முதல் நாளே கேளுங்கள். நாமாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

அத்தாவுடன் இப்பொழுது நான் வாதாடுவதில்லை. பழைய சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, "விடியட்டும் அத்தா, சேர்ந்தே போவோம்" என்பேன். பல இரவுகளில் அதுவே போதுமாயிருக்கிறது.