பழைய ராக்கா, புது ராக்கா? முதல்ல மீட்டரைப் பாருங்க!

"இப்போ வர்றதெல்லாம் ராக்கா? பீட்டில்ஸ், லெட் செப்பலினோட எல்லாம் முடிஞ்சுது மச்சி!" ஹாஸ்டலில் யாராவது இதைச் சொல்லாமல் ஒரு செமஸ்டர்கூட முடியாது. ஆனால் எதை அளந்தாலும் முதலில் மீட்டரில் எரர் இருக்கா என்று பார்க்கணும்; லேப்பில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்களே! இந்தச் சண்டையில் இரண்டு எரர் இருக்கு.

எரர் 1: சாம்பிள்

1969-ஐ எடுத்துக்கோங்க. லெட் செப்பலினின் முதல் இரண்டு ஆல்பங்களும், பீட்டில்ஸின் 'அபே ரோடு'ம் வந்த வருஷம். ஆனால் அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை அந்த ஆண்டுக்குப் போட்ட சிங்கிள்ஸ் பட்டியலில் முதலிடம் எதுக்கு தெரியுமா? 'சுகர், சுகர்'. பாடியது 'தி ஆர்ச்சீஸ்' என்ற கார்ட்டூன் பேண்ட்! அதை இன்று யாரும் உதாரணம் காட்டுவதில்லை. 50 வருஷமாகக் காலம் முறத்தில் போட்டுப் புடைத்தபின் மிஞ்சியதைத்தான் "பழைய ராக்" என்கிறோம். இன்றைய ராக் இன்னும் உமியோடு இருக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா?

எரர் 2: சத்தம்

டிஜிட்டல் ஆடியோவுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டி சிக்னல் போக முடியாது. ஆனாலும் நம்ம பாட்டுதான் சத்தமாகக் கேட்கணும் என்ற போட்டி 1990-களில் சூடுபிடித்தது. லிமிட்டர் போட்டு உச்சிகளை அமுக்கி, மொத்த லெவலையும் ஏற்றினார்கள். மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் வித்தியாசம் குறைந்தது; டிரம் அடியில் இருந்த 'பஞ்ச்' போனது. இதுக்குப் பேர் 'லவுட்னஸ் வார்'.

மெட்டாலிக்கா 2008-இல் வெளியிட்ட 'டெத் மேக்னெடிக்' சிடியில் அலைகளின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டிருந்தது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் தெளிவாகக் கேட்டன! அதே பேண்ட், அதே வாசிப்பு. அப்போ குறை இசையிலா, லிமிட்டரிலா?

அப்போ எதுவுமே மாறலையா?

மாறியிருக்கு. பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தின் 14 பாட்டில் 10-ஐ 1963 பிப்ரவரி 11 அன்று, லண்டனில், ஒரே நாளில், இரண்டே டிராக்கில் பதிவு செய்தார்கள். நாலு பேரும் ஒரே ரூமில் சேர்ந்து வாசித்தாகணும். டேம் இம்பாலாவின் 'கரண்ட்ஸ்' (2015) ஆல்பத்தையோ கெவின் பார்க்கர் என்ற ஒரே ஆள் எழுதி, வாசித்து, மிக்ஸும் செய்தார். அங்கே நாலு பேரின் பரபரப்பு. இங்கே ஒருத்தரின் பொறுமை. இதைப் பற்றிச் சண்டை போட்டால் அர்த்தம் இருக்கு.

நீங்களே டெஸ்ட் பண்ணுங்க

ஸ்ட்ரீமிங் ஆப்பில் வால்யூம் நார்மலைசேஷனை ஆன் பண்ணுங்க. 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' வேண்டாம். பழசில் ஒரு முழு ஆல்பம், புதுசில் ஒரு முழு ஆல்பம். புதுசுக்கு, டப்ளின் மியூசிக் காலேஜில் படிக்கும்போது சேர்ந்த ஃபான்டெய்ன்ஸ் டி.சி. பேண்டின் 'டாக்ரல்' (2019) நல்ல தொடக்கம். நம்ம வயசுப் பசங்க ஆரம்பித்த பேண்ட்தான்.

அதுக்கப்புறமும் பழசுதான் பெஸ்ட் என்று தோணினால் தாராளமாகச் சொல்லுங்க. அது உங்க சொந்த ரீடிங். பக்கத்து டேபிளில் பார்த்து காப்பியடித்தது இல்லை.