மருந்தில்லா நோயும் தக்காளிச் செடியும்

பந்திங் போன்ற தாழ்நிலப் பகுதிகளில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவற்றைப் பயிரிடுவோர் உண்டு. செழிப்பாக வளர்ந்துவரும் தக்காளிச் செடியின் இளந்தளிர்கள் சில வேளைகளில் மேல்நோக்கிச் சுருண்டுவிடும். இலைகள் சிறுத்து, ஓரங்கள் மஞ்சள் நிறமாக மாறும். செடி குட்டையாகவே நின்றுவிடும்; பூக்கள் உதிரும். உரமிட்டாலும் நீர் பாய்ச்சினாலும் அது தேறாது. இவை இலைச்சுருள் நோயின் அறிகுறிகள். இந்நோய்க்குக் காரணம் நச்சுயிரி ஆகும்.

நச்சுயிரி என ஒன்று உண்டு என்பதை மனிதன் முதலில் அறிந்துகொண்டது ஒரு செடியிலிருந்துதான். 1892இல் ரஷ்ய அறிவியலாளர் இவானோவ்ஸ்கி, தேமல் நோய் கண்ட புகையிலையின் சாற்றைப் பாக்டீரியாவும் புக முடியாத வடிகட்டியில் வடிகட்டினார். அப்படி வடிகட்டிய சாறும் மற்றச் செடிகளுக்கு நோயைப் பரப்பியது. 1898இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பெயரிங்க், இது பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட நோய்க்காரணி என விளக்கி, அதற்கு ‘வைரஸ்’ என்னும் பெயரைப் பயன்படுத்தினார். புகையிலையும் தக்காளியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆதலால், அந்தத் தேமல் நச்சுயிரி தக்காளியையும் தாக்கும். நோயுற்ற செடியைத் தொட்ட கையும் வெட்டிய கத்தியும் அதனைப் பரப்பப் போதுமானவை.

இலைச்சுருள் நோயைப் பரப்புவதோ வெள்ளை ஈ. இலையின் அடிப்பக்கத்தில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும் இச்சிறு பூச்சி, நோயுற்ற செடியிலிருந்து நச்சுயிரியைப் பெற்று அடுத்த செடிக்குக் கொண்டு செல்கிறது. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் வெப்பம் நிலவுவதால், வெள்ளை ஈ இடைவிடாமல் பெருகுகிறது.

இந்நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. நச்சுயிரி செடியின் உயிரணுவுக்குள் நுழைந்து, அந்த உயிரணுவைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. பூச்சிக்கொல்லி ஈயைக் கொல்லுமே தவிர, செடிக்குள் இருக்கும் நச்சுயிரியை அழிக்காது. ஒரே பூச்சிக்கொல்லியை மீண்டும் மீண்டும் தெளித்தால், அதைத் தாங்கும் ஆற்றலையும் ஈக்கள் பெற்றுவிடும்.

ஆகவே, வருமுன் காப்பதே சிறந்த வழி. நாற்றுகளை நுண்ணிய வலைக்குள் வளர்க்கலாம். மஞ்சள் ஒட்டுப்பொறிகளைத் தொங்கவிடலாம். நச்சுயிரிக்கும் ஈக்கும் புகலிடமாகும் களைகளை நீக்கலாம். நோயைத் தாங்கும் இரகங்களையும் தேர்ந்தெடுக்கலாம். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘அர்க்கா ரக்ஷக்’ எனும் தக்காளி, இலைச்சுருள் நோயோடு மேலும் இரு நோய்களையும் தாங்கக்கூடியது.

இவற்றையும் மீறி நோய் வந்துவிட்டால், நோயுற்ற செடியை அகற்றுவதே வழி. இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். செடி இன்னும் பச்சையாக நிற்கும். இரண்டொரு காய்களும் தொங்கும். அந்தக் காய்களை உண்பதால் நமக்குத் தீங்கில்லை. ஆயினும், அச்செடி நிற்கும் ஒவ்வொரு நாளும் பக்கத்து வீட்டுச் செடிகளுக்கு ஆபத்துதான். 1991இல் ஜொகூர் மாநிலப் பப்பாளி மரங்களில் வளையப்புள்ளி நச்சுயிரி கண்டறியப்பட்டபோதும், நோயுற்ற மரங்களை அழிக்க வேண்டியதாயிற்று.

எனினும், மஞ்சளான இலையைக் கண்டதும் செடியைப் பிடுங்கிவிடக் கூடாது. சத்துக் குறைவாலும் இலைகள் மஞ்சளாகலாம். தளிர் சுருண்டுள்ளதா, வளர்ச்சி குன்றியுள்ளதா, இலையின் அடியில் வெள்ளை ஈ உள்ளதா என முதலில் ஆராய வேண்டும். ஐயமிருந்தால் விவசாயத் துறை அதிகாரியிடம் கேட்கலாம். நோய் உறுதியானால், ஈக்கள் பறந்துவிடாதபடி செடியை நெகிழிப்பையால் மூடிய பிறகே பிடுங்கி, பையோடு கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

வெள்ளை ஈக்கு வேலி ஒரு தடையன்று. நம் கொல்லையில் ஒரு செடியை இழக்கத் துணிந்தால், அண்டை வீட்டாரின் செடிகளையும் காக்கலாம்.