ஆங்கிலச் சொல் அறிவோம்: 'இன்ஃபார்ம்ட்'



இந்த மாதம் நாம் படிக்கும் சொல் 'இன்ஃபார்ம்ட்'. ஐ, என், எஃப், ஓ, ஆர், எம், ஈ, டி என எட்டு எழுத்து. 'இன்ஃபார்ம்' என்றால் தெரிவிப்பது. 'இன்ஃபார்ம்ட்' என்றால் விவரம் தெரிந்த என்று அர்த்தம்.

'ஷி இஸ் வெல் இன்ஃபார்ம்ட்' என்றால் அவங்க நல்லா விவரம் தெரிஞ்சவங்க. பெரிய படிப்பு படித்தவர் என்று அர்த்தமில்லை. பள்ளிக்கூடமே போகாத உறுப்பினர் வட்டி எவ்வளவு, தவணை எத்தனை, பாக்கி எவ்வளவு என்று கடகடவெனச் சொன்னால், கடன் விஷயத்தில் அவர் 'இன்ஃபார்ம்ட்'தான். நம்ம ஊரில் 'விவரமான ஆளு' என்று கேலியாகவும் சொல்வோமே, அந்தக் கேலி இந்த ஆங்கிலச் சொல்லில் கிடையாது.

படிவங்களில் இதே சொல் வேறு மாதிரி வரும். 'ஐ ஹேவ் பீன் இன்ஃபார்ம்ட்' என்று அச்சடித்திருந்தால், 'எனக்கு விவரம் சொல்லப்பட்டது' என்று பொருள். அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு 'யாரும் எதுவும் சொல்லலையே' என்று கேட்டால் எடுபடுவது கஷ்டம்.

ஆஸ்பத்திரியில் 'இன்ஃபார்ம்ட் கன்சென்ட்' என்பார்கள். என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று தெரிந்துகொண்டு தரும் சம்மதம். டெல்லியில் ஒரு பெண் 1995ல் மாதவிடாய்த் தொந்தரவுக்காகப் போனார். பரிசோதனைக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தபோது, அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் கருப்பையை எடுப்பதற்கான சம்மதம் ஆகாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அம்மாவின் சம்மதமும் போதாது என்று 2008ல் தீர்ப்பு வந்தது. நஷ்ட ஈடு 25,000 ரூபாய்தான். நமக்கு அது மிகக் குறைவாகத்தான் படுகிறது. ஆனாலும் தீர்ப்பு எல்லாப் பெண்களுக்கும் பயன்படும்.

கடனுக்கும் இப்படியே. ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிப்படி, கடன் அட்டை நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கடனோடு இன்சூரன்ஸ் போன்றவற்றைச் சேர்ப்பதற்கு நமது முழுச் சம்மதம் வேண்டும். அதற்கான கட்டணத்தையும் அட்டையிலேயே காட்ட வேண்டும்.

'கீப் மீ இன்ஃபார்ம்ட்' என்றால் 'எனக்கு அப்பப்போ தெரியப்படுத்துங்க' என்று பொருள். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் தைரியமாகச் சொல்லலாம், தமிழிலேயே சொன்னாலும் போதும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவரவர் கடன் அட்டையைக் கொண்டு வாங்க. சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படிப்போம்.