திமிங்கிலம் காணச் செல்வோம்: எங்கே? எப்போது?

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

கடலில் நீந்தும் திமிங்கிலம் ஒன்றைக்கூட நான் இதுவரை கண்டதில்லை. இதனை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பின் இக்கட்டுரை எதற்கு என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு.

2016ஆம் ஆண்டு சனவரித் திங்கள், பொங்கலுக்கு முந்திய நாட்கள். நான் அப்போது ஆறாம் வகுப்பு மாணவன். தூத்துக்குடி மாவட்டத்தில் எங்கள் மணப்பாட்டுக் கடற்கரையை ஒட்டி எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கரையேறிவிட்டன என்ற செய்தி பரவியதும் ஊரே ஓடியது. தாத்தாவின் கையைப் பற்றிக்கொண்டு நானும் ஓடினேன். கரிய, உருண்டைத் தலையுடைய அவ்வுயிர்களுள் சில இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. மீனவர்கள் கயிறு கட்டிப் படகால் இழுத்துச் சென்று ஆழத்தில் விட்டார்கள். விட்டவற்றுள் பல மீண்டும் கரைக்கே வந்தன! இதே கரையில், இதே சனவரித் திங்களில், 1973ஆம் ஆண்டு 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியதையும் தாத்தா பார்த்திருக்கிறார். "ஏல, ஒண்ணு கெடந்தா மத்தது விட்டுட்டுப் போவாது" என்று மட்டும் சொன்னார். பின்னர்க் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

அவை பைலட் திமிங்கிலங்கள் என்பதையும், ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதையும், கூட்டத்தை விட்டுப் பிரியாத இயல்புடையவை என்பதையும் கல்லூரிக்கு வந்த பின்னரே கற்றேன். தாத்தா சொன்னதற்கும் பாடநூல் சொல்வதற்கும் பெரிய வேறுபாடில்லை. அன்று முதல் ஓர் ஆசை: உயிருள்ள திமிங்கிலத்தை, அதன் கடலிலேயே, ஒருமுறையாவது காண வேண்டும். அதற்காகத் தேடிப் படித்தவற்றையே ஈண்டுத் தருகிறேன்.

எங்கே என்ற வினாவை எப்போது என்பதிலிருந்து பிரிக்க இயலாது. பெருந்திமிங்கிலங்களுள் பலவும் கோடையில் துருவக் கடல்களின் குளிர்ந்த நீரில் வயிறு நிறைய உண்டு கொழுக்கின்றன. குளிர்காலத்தில் வெப்பக் கடல்களுக்கு வந்து இணை சேர்கின்றன, குட்டி ஈனுகின்றன. அங்கே அவற்றிற்கு உணவு ஏறக்குறைய இல்லை. உடலில் சேர்த்த கொழுப்பே கட்டுச்சோறு. வடகோளத்தின் குளிர்காலம் தென்கோளத்தின் கோடையாதலின், கூன்முதுகுத் திமிங்கிலத்தை ஹவாய்த் தீவுகளில் காண விரும்புவோர் சனவரி முதல் மார்ச்சு வரையிலும், தென்பசிபிக்கின் தொங்கா தீவுகளிலோ ஆஸ்திரேலியாவின் ஹெர்வி விரிகுடாவிலோ காண விரும்புவோர் ஆகஸ்டு, செப்டம்பரிலும் செல்ல வேண்டும். மாதம் தவறினால் வெறும் அலையைத்தான் எண்ணிக்கொண்டு வர வேண்டும்.

என் மனத்தை மிகவும் கவர்ந்த இடம் மெக்சிகோ நாட்டின் பாகா கலிபோர்னியா. அங்குள்ள உப்பங்கழிகளுக்குச் சாம்பல் திமிங்கிலங்கள் ஆர்க்டிக் பகுதியிலிருந்து வருகின்றன. போகவர அவை நீந்தும் தொலைவு 16,000 கிலோமீட்டருக்கும் மேல். 1857இல் சார்லசு ஸ்கேமன் என்ற அமெரிக்க வேட்டைக் கப்பல் தலைவர் இக்கழிகளுள் ஒன்றினுள் நுழைந்தார். குட்டிகளோடு ஒதுங்கியிருந்த தாய்களைக் கொல்வது எளிதென்று எண்ணியவர்களின் படகுகளைத் தாய்கள் அடித்து நொறுக்கின. வேட்டைக்காரர்கள் அவற்றிற்குப் 'பேய்மீன்' என்று பெயரிட்டார்கள். குட்டியைக் காத்த தாய்க்கு இப்படியொரு பெயர்! சில ஆண்டுகளில் கழிகள் ஏறத்தாழ வெறுமையாயின.

இந்த அச்சம் மீனவர்களிடம் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. திமிங்கிலம் நெருங்கினால் படகின் விளிம்பைத் தட்டி ஓசை எழுப்பி விலகிச் செல்வது வழக்கம். 1972இல் சான் இக்னாசியோ கழியில் பிரான்சிஸ்கோ மயோரால் என்ற மீனவரின் சிறு படகருகே ஒரு திமிங்கிலம் வந்து நின்றது, விலகவில்லை. அவர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டித் தொட்டார். அதன்பின் ஆண்டுதோறும் தாய்கள் தம் குட்டிகளைப் படகருகே அழைத்து வருவதாயிற்று. வேட்டையாடியவர் இனத்தை அவை மன்னித்துவிட்டன என்று சிலர் எழுதுகிறார்கள். விலங்கியல் மாணவனான நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் வேறு விளக்கமும் என்னிடம் இல்லை. பிப்ரவரியும் மார்ச்சும் அங்கே செல்ல ஏற்ற காலம். 1993இல் அக்கழிகள் உலக மரபுச் சின்னமாயின. 2016இல் ஏறத்தாழ 27,000 என்று மதிப்பிடப்பட்ட இவ்வினம், 2019 முதல் வட கடலில் உணவு குன்றியதால் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதையும் மறைக்கக்கூடாது.

படகுக் கட்டணம் கொடுக்க வழியில்லாதவனுக்குத் தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸ் நகரே ஏற்றது. சூன் முதல் நவம்பர் வரை தென்கடல் ரைட் திமிங்கிலங்கள் கரைக்கு மிக அருகே வருவதால், பாறை மேல் அமர்ந்தே காணலாம். திமிங்கிலம் வந்ததைக் கடற்பாசித் தண்டால் செய்த ஊதுகொம்பை ஊதி அறிவிக்க அங்கே ஓர் ஆளையே அமர்த்தியிருந்தார்கள்! நியூசிலாந்தின் கைக்கோராவில் ஆழ்கடற் பள்ளம் கரையை ஒட்டியே இருப்பதால் ஆண்டு முழுவதும் விந்துத் திமிங்கிலம் உண்டு. அங்குள்ள மாவோரி மக்கள் 1987இல் தங்கள் வீடுகளை அடகு வைத்து இத்தொழிலைத் தொடங்கினார்கள். அசோர்ஸ் தீவுகளிலோ, முன்பு வேட்டைக்காக மலையுச்சியிலிருந்து கடலை நோக்கிய காவற்கூண்டுகளே இன்று பார்வையாளர் படகுகளுக்கு வழிகாட்டுகின்றன.

இவையெல்லாம் நமக்கு எட்டாத் தொலைவு. எட்டும் தொலைவில் ஒன்று உண்டு, அது இலங்கை. உலகின் மிகப் பெரிய உயிரினமான நீலத் திமிங்கிலம் அங்கே கரைக்கு அண்மையிலேயே வருகிறது. வட இந்தியப் பெருங்கடலின் வடக்கே நிலம் அடைத்து நிற்பதால் இங்குள்ளவை வடதுருவம் செல்வதில்லை. பருவக்காற்று கிளறிவிடும் ஊட்டமிக்க நீரை நம்பி ஆண்டு முழுவதும் இக்கடலிலேயே தங்குகின்றன. தெற்கே மிரிசையில் திசம்பர் முதல் ஏப்ரல் வரை காணலாம். தென்மேற்குப் பருவக்காற்று அக்கடலைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில் கிழக்கே திருகோணமலை அமைதியாக இருக்கும். அங்கே கோணேசர் மலையிலிருந்தே சில நாட்களில் நீர்ப்பீச்சைக் காணலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். மிரிசையில் ஒரே திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்ந்து துரத்துவதுண்டு. ஆகவே, 100 மீட்டராவது விலகி நின்று பொறியை அடக்கும் படகோட்டியைத் தேடுங்கள். கட்டணம் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. அதற்குத் தெற்கே பெருங்கப்பல்கள் செல்லும் பாதை வேறு. கப்பல் மோதி நீலத் திமிங்கிலங்கள் மடிவதால், 2022இல் ஒரு பெரிய கப்பல் நிறுவனம் தன் கலங்களை இன்னும் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது. மற்றவற்றுள் பல பழைய வழியிலேயே சென்றன.

இக்கட்டுரையைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். மெக்சிகோவுக்கும் நியூசிலாந்துக்கும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், திருகோணமலை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுக்கு எம்புட்டு ஆவும்ல?" என்றார். இருவருக்கும் கடவுச்சீட்டுக்கு மனுக் கொடுக்க இருக்கிறோம். அவருடைய பிறப்புச் சான்றுதான் எங்கும் கிடைக்கவில்லை.