வாசல் காவல்காரனுக்கு ஓர் ஊசி



விடியற்காலை இருட்டிலே வெட்டுக்குப் புறப்படும்போது நமக்கு முன்னால் ஓடுவது யார்? நம் வீட்டு நாய்தான். புதரிலே பாம்பு அசைந்தாலும், செம்பனைக்குள் காட்டுப்பன்றி உறுமினாலும் முதலில் குரல் கொடுப்பது அதுதான். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்க்கு, "வாசல்லே கருப்பன் இருக்கான்" என்பதே பெரிய தைரியம்.

இந்த உறவு நேற்று வந்ததல்ல. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த அந்தக் கல்லில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாம். நாய்க்கும் பெயர் சொல்லிக் கல் எடுத்தவர்கள் நம் முன்னோர்.

நாம் அதற்கு என்ன செய்கிறோம்? மிச்சச் சோறு போடுகிறோம். அது போதாது. நாயைத் தாக்கி, அதன் வழியாக நம்மையும் கொல்லக்கூடிய ஒரு நோய் இருக்கிறது. அதுதான் வெறிநோய்.

2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் இந்நோய் மீண்டும் தலைகாட்டியது. 2017 ஜூலையில் சரவாக்கின் செரியான் பகுதியில் சிறு குழந்தைகள் பலியானார்கள். "அது எங்கேயோ, நம்ம ஜொகூருக்கு என்ன?" என்று இருந்துவிடக் கூடாது. நாய் லாரியிலும் வரும், காரிலும் வரும். பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 1953 முதல் இந்நோய் இல்லை. அப்படியிருந்தும் அங்கே நாயைக் கொண்டு போவதற்கு அனுமதியும் ஊசிச் சான்றும் கேட்கிறார்கள். கவனம் குறையாததால்தான் காப்பு நிலைக்கிறது.

நோயுள்ள நாயின் எச்சிலில் கிருமி இருக்கும். கடித்த இடத்திலிருந்து அது நரம்பு வழியாக மூளைக்கு ஏறும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஒன்றும் தெரியாது. அப்புறம் காய்ச்சல், பிதற்றல், தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகுதல். அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் அதற்கு முன்பே ஊசி போட்டால் தடுத்துவிடலாம். 1885இல் பாரிஸில் லூயி பாஸ்டர், நாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு ஊசி போட வைத்தார். பையன் பிழைத்தான்.

நாய் கடித்தால், பல் பட்டுக் கீறினால், அல்லது புண்ணை நக்கினால் செய்ய வேண்டியவை:

1. உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள்.

2. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தாதீர்கள்.

3. அன்றைக்கே அரசாங்கக் கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ போங்கள். டாக்டர் சொன்ன நாளெல்லாம் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். "காயம் ஆறிடுச்சு" என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

4. பிள்ளைகள் அடிக்குப் பயந்து கடியை மறைப்பார்கள். "சொன்னா திட்ட மாட்டோம்" என்று இன்றே சொல்லி வையுங்கள். தின்கிற நாயையும், தூங்குகிற நாயையும், குட்டி போட்ட நாயையும் சீண்டக் கூடாது என்றும் சொல்லுங்கள்.

இனி நாய்க்கு. மூன்று மாதக் குட்டியானதும் கால்நடை மருத்துவரிடம் காட்டி வெறிநோய் ஊசி போடுங்கள். அடுத்தது எப்போது என்று கேட்டுக் காலண்டரில் குறியுங்கள். பூச்சி மருந்தும் கொடுங்கள். நாயின் வயிற்றுப் பூச்சி பிள்ளைகளுக்கும் தொற்றும். நூறு நாயில் எழுபதுக்காவது ஊசி போட்டிருந்தால் வெறிநோய் பரவ வழியில்லாமல் போகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆகவே இது ஒரு வீட்டு வேலையல்ல, தோட்டத்து வேலை. கிளைக் கூட்டத்தில் பேசுங்கள். கால்நடைச் சேவைத் துறையைக் கேட்டு, ஒரே நாளில் எல்லா நாய்க்கும் போட முயலுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறவர்கள் நாயை அநாதையாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். சோறு போட்ட கையைத் தேடி அது அலையும். ஊசியில்லாத தெருநாய் அப்படித்தான் உருவாகிறது. வளர்க்க முடியாவிட்டால், வளர்க்கக்கூடிய ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

கோவிவனுக்குக் கல் எடுத்தார்கள். நம் கருப்பனுக்குக் கல் வேண்டாம். காலத்தில் ஓர் ஊசி போதும். அது அவனையும் காக்கும், நம் பிள்ளைகளையும் காக்கும்.