ஜப்பானியக் கஞ்சியும் நமது கடன் கொப்பியும்

கஞ்சி என்றதும் வாசகர்களுக்கு நோன்புக் கஞ்சிதான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்ல வருவது சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன எழுத்தைப் பற்றி. ஜப்பானியர் அதை அழைக்கும் பெயரும் ஏறக்குறைய அதுவேதான்.

2016 இல் ஜப்பான் ஏலத்தில் ஒரு வேன் எடுத்தேன். ஏலத் தாளின் பிரதி என் கையில் இருந்தது. இலக்கங்களை நான் பார்த்தேன், மற்றதைத் தரகர் சொன்னபடி நம்பினேன். வண்டி வந்து கராஜில் தூக்கிப் பார்த்தால் முன் சேஸி ஒட்டுப் போட்டது. ஜப்பானில் வேலை செய்து திரும்பிய ஒரு தம்பி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஹாஜியார், திருத்தின வரலாறு ‘உண்டு’ எண்டுதானே வட்டம் போட்டிருக்கு” என்றார். பக்கத்திலேயே ‘இல்லை’ என்ற எழுத்தும் இருந்தது. எதைச் சுற்றி வட்டம் என்று தெரியாததற்கு அந்த வருட இலாபத்தில் பாதியைக் கொடுத்தேன்.

2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறக்கப்பட்ட பின், இந்த எழுத்துகளை எப்படிப் படித்தீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் செய்தது பிழையான வேலை. பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு எழுதுவதுபோல் ஒவ்வோர் எழுத்தையும் ஐம்பது தடவை எழுதினேன். கை நொந்தது, ஒரு கிழமையில் எல்லாம் மறந்தது. ஜப்பான் அரசாங்கத்தின் பொதுப் பாவனைப் பட்டியலில் மட்டும் 2136 எழுத்துகள். கோடு கோடாக மனனம் செய்து அதைக் கடக்க முடியாது.

எழுத்தை உதிரிப்பாகங்களாகக் கழற்ற வேண்டும். பஞ்சிகாவத்தைக்காரருக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. இடது பக்கத்தில் மூன்று சொட்டுகள் கண்டால் அது தண்ணீர். கடல், எண்ணெய், கழுவுதல் மூன்றுக்கும் அந்தச் சொட்டுகள் உண்டு. மனிதன் மரத்தோடு சாய்ந்தால் ‘ஓய்வு’. ‘மின்’ என்ற எழுத்தின் தலையில் மழை இருக்கும். மின்னோடு வாகனம் சேர்ந்தால் ரயில், மின்னோடு குளம் சேர்ந்தால் பற்றரி! மின்சாரம் தேங்கி நிற்கும் குளம் என்று ஒரு தடவை நினைத்தவன் அதை மறப்பானா?

என்னை நட்டப்படுத்திய அந்த இரண்டு எழுத்துகளையும் இப்படித்தான் பிடித்தேன். ‘அரி’ என்றால் உண்டு. அதன் கீழே நிலா இருக்கிறது, நிலாவைக் கண்ணால் காண்கிறோம், ஆகவே உண்டு. ‘நஷி’ என்றால் இல்லை. கீழே நான்கு புள்ளிகள், அவை நெருப்பு, எரிந்து போனது இல்லை. நஷிக்கு வட்டம் என்றால் நஷ்டமில்லை என்றும் வைத்துக்கொண்டேன். எழுத்தின் உண்மை வரலாறு வேறாக இருக்கலாம், எனக்கு என் கதை போதும். கடலுக்கு ‘உமி’ என்பார்கள். கடலில் நெல் உமி மிதப்பதாக நினைத்தேன், ஒட்டிக்கொண்டது.

இன்னொரு சிக்கல், ஓர் எழுத்துக்கே பல உச்சரிப்புகள். வாகனம் தனியே நின்றால் ‘குருமா’, வேறு எழுத்தோடு கூடினால் ‘ஷ’. (சாப்பாட்டுப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன.) உச்சரிப்புகளைப் பட்டியல் போட்டுப் பாடமாக்க வேண்டாம். ரயில் ‘தென்ஷ’, மோட்டார் வாகனம் ‘ஜிதோஷ’, வாகனப் பரிசோதனை ‘ஷகென்’ என்று முழுச் சொல்லாகப் படித்தால் உச்சரிப்பு தானாகவே வரும்.

படித்ததைத் தக்க வைப்பதுதான் பெரிய பாடு. ஜெர்மனியில் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972 இல் ஒரு பெட்டி முறையை எழுதி வைத்தார். சிறு மட்டையின் ஒரு பக்கத்தில் எழுத்து, மறுபக்கத்தில் உச்சரிப்பும் பொருளும். பெட்டியில் ஐந்து அறைகள். முதல் அறையை நாளாந்தம் பார்க்க வேண்டும், அடுத்ததை இரண்டு நாளுக்கொரு தடவை, மூன்றாவதைக் கிழமைக்கொரு தடவை என்று இடைவெளி கூடிக்கொண்டே போகும். சரியாகச் சொன்ன மட்டை அடுத்த அறைக்குப் போகும், பிழைத்த மட்டை எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நமது கடன் கொப்பிதானே இது! ஒழுங்காகத் தருபவனிடம் மாதத்துக்கு ஒரு தடவை போனால் போதும், இழுத்தடிப்பவன் வாசலில் தினமும் நிற்கிறோம். சப்பாத்துப் பெட்டிக்குள் காட்போட் தடுப்பு வைத்து ஐந்து அறை செய்தேன். ஒரு நாளைக்குப் புதிதாக ஐந்து மட்டை, அதற்கு மேல் சேர்த்தால் பழைய கடன் குவிந்துவிடும். மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு “ஓ, தெரியும்” என்று சொல்வது கள்ளக் கணக்கு. வாயால் சொல்லி, விரலால் மேசையில் எழுதிய பிறகே திருப்ப வேண்டும். எழுதும்போது மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற கோட்டு ஒழுங்கைக் காக்க வேண்டும். கைக்கு ஒழுங்கு பழகினால் கண் தடுமாறும்போது கை காப்பாற்றும். 2006 இல் வந்த அன்கி என்ற மென்பொருள் இதே வேலையைச் செய்கிறது. மகன் அதைப் பாவிக்கிறார், எனக்குச் சப்பாத்துப் பெட்டி போதும்.

ஏலத் தாளுக்கு 2136 எழுத்தும் வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப வருபவை கொஞ்சம்தான். நான் அறுபது சொற்களோடு தொடங்கினேன்.

மூன்று மாதம் முதல் அறையை விட்டு நகராத மட்டை ஒன்று இருந்தது, ‘ஃபுஷொகு’, துருப்பிடித்து அரித்தல். அதன் முதல் எழுத்துக்கு 14 கோடுகள். ஒரு நாள் கழற்றிப் பார்த்தேன். மேலே அரசாங்கக் காரியாலயம், அதற்குள்ளே இறைச்சி. பொருள், அழுகிப் போதல். நமது காரியாலயங்களில் கோப்பே அழுகுகிறது, இறைச்சி எம்மாத்திரம்? அன்றைக்கு அந்த மட்டை இரண்டாம் அறைக்குப் போனது, இன்னும் திரும்பி வரவில்லை.