காந்த மேகத்துள் அமைதி உண்டா?

சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பி, சூரியக் காற்றோடு சேர்ந்து வரும் காந்த மேகங்களைப் பற்றி வேரூன்றிவிட்ட அபிப்பிராயம், அவற்றின் உட்புறம் சலனமற்ற சாந்தப் பிரதேசம் என்பதாகும். இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1981-இல் பர்லாகாவும் அவருடைய சகாக்களும் இவற்றை வருணித்தபோது, காந்தப்புலம் வலுத்திருப்பதையும், அதன் திசை நிதானமாகச் சுழல்வதையும், புரோட்டான்களின் வெப்பம் தாழ்ந்திருப்பதையுமே லக்ஷணங்களாகக் கூறினர். விண்கலத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் மேகத்தின் வரைபடம், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வழுவழுப்பான வளைகோடாகத்தான் தோன்றும். ஆனால் அக்கோட்டில் பத்து நிமிஷத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால், பெரிய சுழற்சியின்மேல் ஏறி நிற்கும் எண்ணற்ற சிறு நடுக்கங்கள் புலப்படும். அந்தச் சுழற்சியைக் கழித்துவிட்டே கொந்தளிப்பைக் கணக்கிட வேண்டும்; மேகத்துக்கு முன்னே நெருக்குண்டு வரும் கலங்கிய உறையையும் மேகத்தோடு சேர்த்துவிடலாகாது. இவ்விரு கவனங்களோடு அளந்தாலும், அலைவெண் கூடக்கூட நடுக்கங்களின் ஆற்றல் குறைந்து செல்லும் சரிவு, 1941-இல் கோல்மகோரோவ் சாதாரணத் திரவங்களுக்குக் கூறிய ஐந்தின்கீழ் மூன்று விதிக்கு, அதாவது 5/3 என்னும் அடுக்குக்கு, பெரும்பாலும் அணுக்கமாகவே அமைகிறது.

ஒரு கன சென்டிமீட்டரில் ஐந்தாறு துகள்களே உள்ள வெளியில் கொந்தளிப்பேது என்பாரும் உண்டு. மின்னேற்றத் துகள்கள் ஒன்றோடொன்று மோதாவிட்டாலும் காந்தப்புலம் அவற்றைப் பிணைத்துத் திரவம்போல் நடத்துகிறது என்பதே விடை. (சூரியக் காற்று உண்டென்று 1958-இல் பார்க்கர் எழுதிய கட்டுரையையே மதிப்பீட்டாளர் இருவர் நிராகரித்தனர், பத்திராதிபர் சந்திரசேகர் துணிந்து பிரசுரித்தார். ஆதலால் இந்த ஐயத்தை யாரும் பரிகசிக்க வேண்டியதில்லை.)

ஓரிடத்தில் நின்று அளக்கும் ஒற்றைக் கலத்துக்குக் காலமாற்றம் மட்டுமே தெரியும், இடவிஸ்தாரம் தெரியாது என்பது பாதி உண்மை. திண்ணையில் அசையாதிருப்பவர், வீதியில் ஊர்வலம் செல்லும் வேகத்தை அறிந்தால் அதன் நீளத்தையும் வரிசையையும் சொல்லிவிடலாம், வரிசை கடந்துபோவதற்குள் கலையாதிருந்தால். ஜி. ஐ. டெய்லர் 1938-இல் வகுத்த அனுமானம் இதுவே. காற்று வினாடிக்கு 400 கிலோமீட்டர் ஓட, அதனுள் காந்த அலைகள் 50 கிலோமீட்டரே நகர்வதால், பூமியருகே ஒரு வினாடிப் பதிவை 400 கிலோமீட்டர் வெட்டுமுகமாகக் கொள்வதில் பிழை சிறிது. மேகத்துள் நிலை வேறு: புலம் 20 நானோடெஸ்லாவுக்கு உயர்ந்து, துகளடர்த்தி மாறாதிருந்தால், அலைவேகம் 200 கிலோமீட்டரை நெருங்கிவிடும், வெளியே கூசாமல் கையாண்ட அனுமானத்தை அங்கே கூசியே கையாள வேண்டும். காலத்தையும் இடத்தையும் பிரித்தறியும் பொருட்டே, 2000-ஆம் ஆண்டில் ஐரோப்பியர் அனுப்பிய க்ளஸ்டர் கலங்கள் நான்கும் நான்முகி வடிவில் பூமியைச் சுற்றி வந்து, அவ்வப்போது சூரியக் காற்றினுள்ளும் தலைநீட்டின.